இரணைமடு வெயிலும் முழுக்கைச் சேர்ட்டும்

இரணைமடுக் குளத்தின் கீழே சிறுபோக வயலில் களை பிடுங்கும் பெண்களை வீதியில் நின்று பார்த்தால் முதலில் ஆண்கள் என்றுதான் நினைப்பீர்கள். முழுக்கைச் சேர்ட் போட்டு, கழுத்துப் பட்டன் வரை பூட்டியிருப்பார்கள். தலையில் துவாய். நெற்றியை மறைத்துக் கட்டி, தொங்கலைப் பிடரிக்கு விட்டிருப்பார்கள். சிலர் அதன்மேல் தொப்பியும் வைத்திருப்பார்கள். சேர்ட்டுக்குக் கீழே பாவாடை அல்லது சோட்டி, அதற்குள் ஒரு காற்சட்டை. கண்ணும் மூக்கும் விரல்களும் மட்டும்தான் வெளியில் தெரியும்.

தருமபுரத்தில் தையல் மெசினுக்கு முன்னால் பாதி வாழ்க்கையைக் கழித்தவள் நான். இந்த உடுப்பின் ஒவ்வொரு துண்டும் என் கைக்கு வந்துபோயிருக்கிறது. நைந்த கொலரைப் பிரித்துத் திருப்பித் தைத்திருக்கிறேன், முழங்கைக்கு ஒட்டுப் போட்டிருக்கிறேன், அறுந்த பட்டன்களுக்கு நிறம் பொருந்தாத பட்டன்களை வைத்துக் கொடுத்திருக்கிறேன். கலியாண அல்பங்களில் இந்த உடுப்பு இல்லை. ஊடகக்காரர் படம் பிடித்தாலும் வறுமையைக் காட்டத்தான் பிடிப்பார்கள். ஆனால் கொழும்பிலும் சிட்னியிலும் வெயில் காப்பு உடை என்று விலைச்சீட்டோடு தொங்குகிற அதே பொருளை வன்னிப் பெண்கள் தாங்களாகவே வடிவமைத்து உடுத்தி இரண்டு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றுக்குள்ளே இன்றைக்கு அவசரமாகப் பேசவேண்டிய ஒரு நோயும் இருக்கிறது.

முதலில் வெயிலைச் சொல்கிறேன். கிளிநொச்சி பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.4 பாகையில் கிடக்கிறது. அதனால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். ஓகஸ்ட் கடைசியில் திரும்பவும் வந்து நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இரணைமடுவின் சிறுபோகம். விதைப்புக்கு ஒரு உச்சி வெயில், வெட்டுக்கு ஒரு உச்சி வெயில், இடையில் வைகாசிக் காண்டாவனம். புறஊதாக் கதிரின் கடுமையைச் சொல்ல 1992இல் கனடாவில் ஒரு சுட்டெண்ணை உருவாக்கினார்கள். இப்போது அது உலகம் முழுவதற்கும் பொது. அதில் 11ஐத் தொட்டால் ஆகக் கடுமையான வகை. கனடாவின் கோடையில் அது அபூர்வம். எங்கள் வயலில் மேகமில்லாத சித்திரை நண்பகல் 11ஐத் தாண்டுவது வழமை.

இந்த வெயிலில் ஆக அதிகம் நின்றவர்கள் யார்? தோளை மூட அனுமதிக்கப்படாதவர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடக்கூடாது என்ற கட்டுப்பாடு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஊர்களில் இருந்தது. நெஞ்சுக்கு மேலே குறுக்குக்கட்டு, அதற்கு மேலே வெறுந்தோள். அந்தத் தோளோடுதான் இறைப்புக்கும் நடுகைக்கும் அருவி வெட்டுக்கும் போனார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் அடிவாங்கிப் போராடி, 1859இல்தான் அரசாணை பெற்றார்கள். மானத்தின் வரலாறாக இதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். தையல்காரியான எனக்கு அது தோலின் வரலாறாகவும் தெரிகிறது. நிழலில் இருந்த பெண்ணுக்கு இரவிக்கையும் சேலைத் தலைப்பும் இருந்தன. வெயிலில் வெந்தவளுக்குத் துண்டுத் துணிக்கும் தடை. முழுக்கைச் சேர்ட்டின் கதையை இந்தத் தடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரணைமடுவின் அணைக்கட்டு வேலை 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் வந்தது. குடாநாட்டிலிருந்து காணி கிடைத்து வந்தவர்களும் காணியில்லாமல் கூலிக்கு வந்தவர்களும் ஒரே காட்டைத்தான் வெட்டினார்கள். ஊரில் போட முடியாத சட்டையை இங்கே பெண்கள் போட்டார்கள். புது மண்ணில் பழைய கட்டுப்பாட்டைக் காவல் காக்க ஆட்கள் குறைவு. சாதி இங்கே செத்துப்போனது என்று சொல்லமாட்டேன், அது வேறு உருவத்தில் இருந்தது, இருக்கிறது. ஆனால் உடுப்பில் ஒரு கதவு திறந்தது.

பிறகு மலையகத்திலிருந்து வந்தார்கள். 1958 வன்செயலுக்குப் பிறகு சிலர், 1977க்குப் பிறகு ஆயிரக்கணக்கில். வவுனியாவில் காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்தப் பெரும் பாடுபட்டது. தருமபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் அவர்களின் குடும்பங்கள் வேர்விட்டன. என் அம்மா அவர்களில் ஒருவர். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். 1977இல் எங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர். மலையில் அவருடைய வேலை உடுப்பு குளிருக்கும் மழைக்கும் அட்டைக்கும் ஏற்றது. இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு அழுத்தாமல் மடித்துப் போட்ட துணி. வன்னிக்கு வந்ததும் படங்கைக் கழற்றிவிட்டார். தலைத்துணியைக் கடைசிவரை விடவில்லை. "மண்டைய வெயிலுக்குக் காட்டாத புள்ள" என்று எனக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார். தோட்டத்துப் பெண்ணின் தலைத்துணியும் வன்னி வயலின் முழுக்கையும் சந்தித்தது எங்களைப்போன்ற வீடுகளில்தான். இன்றைக்கு வயலில் பார்க்கிற உடுப்பு அந்தச் சந்திப்பில் பிறந்தது என்பது என் முடிவு.

முழுக்கைச் சேர்ட் ஏன் வந்தது? வெயில் பாதிக் காரணம்தான். மற்றப் பாதி சுணை. நெல் இலையின் விளிம்பு அரம்பம் மாதிரி. விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை அதற்குள் கைவிட்டுக் களை பிடுங்கினால் முழங்கை வரை கோடுகோடாகக் கீறிவிடும், அந்தக் கீறலில் வியர்வை பட்டால் எரியும். இங்கே பெரும்பாலும் வீச்சு விதைப்பு என்பதால் களையும் அதிகம், குனிந்து நிற்கும் நேரமும் அதிகம். குனிந்து நிற்பவளுக்கு வெயில் விழுவது பிடரியிலும் முதுகிலும். பெண்களின் இரவிக்கை அந்த இரண்டு இடத்தையும்தான் திறந்து விடுகிறது. ஆணின் சேர்ட்டில் கொலர் இருக்கிறது, முதுகில் தோள்பட்டித் துணி இரட்டையாக இருக்கிறது, கையில் பூட்டக்கூடிய பட்டி இருக்கிறது. வேலைக்குத் தேவையானதெல்லாம் ஆணின் உடுப்பில் ஏற்கெனவே தைத்துக் கிடந்தது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் செத்தல் மிளகாய் கொழித்த 1970களில் மிளகாய்ப் பழம் ஆயப் போன பெண்களுக்கும் இதே சேர்ட்தான் துணை.

1990களில் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள் இல்லை, வன்னி முழுவதும் சைக்கிளில் ஏறியது. பள்ளிக்கூடப் பிள்ளை, ஆசிரியை, மருத்துவமாது எல்லோரும் மைல் கணக்கில் மிதித்தார்கள். ஒரு கையில் குடை பிடித்து ஒரு கையால் ஹாண்டிலைத் திருப்புகிற வித்தை அப்போது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். புதுத்துணி அருமை. அப்பாவின் சேர்ட் அண்ணனுக்கு, அண்ணனின் சேர்ட் தங்கச்சிக்கு, பிறகு வயலுக்கு, கடைசியில் அடுப்படிக்கு. அந்த வருடங்களில் நான் புதிதாக வெட்டியது கொஞ்சம், பிரித்துத் தைத்ததுதான் கூட.

2009இல் இறுதிப் போரில் எல்லாம் போனது. ஏறக்குறைய 3 இலட்சம் பேர், பெரும்பாலும் செட்டிகுளம் மனிக் பாம் முகாம்களில், கூடாரத் துணிக்குக் கீழே ஒரு கோடையைக் கழித்தார்கள். மீளக் குடியேறியபோது ஆணில்லாத வீடுகள் பல. அந்தப் பெண்கள் கூலிக்கு இறங்கினார்கள், சேர்ட்டுக்குள் இறங்கினார்கள். வெளியிலிருந்து வந்து எழுதியவர்கள் சிலர், இறந்த கணவனின் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு மனைவி வயலில் நிற்கிறாள் என்று உருக்கமாக எழுதினார்கள். என் கடைக்கு வந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. முள்ளிவாய்க்கால் வரை ஒரு பையில் காவிக்கொண்டு வந்த அவருடைய சேர்ட்டை அவர்கள் வயலுக்குப் போடவே இல்லை. "அது வேலைக்கு இல்லை அக்கா" என்று ஒரு தங்கச்சி சொன்னாள். அதில் அறுந்த பட்டனைத் தைத்துத் தரச் சொல்லித்தான் கொண்டுவந்திருந்தாள். வயலுக்குப் போனவை நிவாரணக் கட்டில் வந்த சேர்ட்டுகள், தம்பியின் பழைய சேர்ட்டுகள், சந்தையில் குவித்து விற்றவை.

வயலுக்கு வெளியேயும் பெண்கள் வெயிலில் நின்றார்கள். முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் போன்ற அமைப்புகளில் வன்னிப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். முழுக்கை உடைக்கு மேலே கனத்த மார்புக்கவசம், முகத்துக்கு முழுக் கண்ணாடிக் கவசம், முழங்காலில் இருந்து ஒவ்வொரு அங்குலமாக மண்ணைக் கிளறும் வேலை. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, 2028இற்குள் நிலத்தைத் துப்புரவாக்க ஒப்புக்கொண்டது. அந்தக் கையெழுத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது இந்தப் பெண்களின் வியர்வை.

இனித் துணி. வெயிலை எது மறிக்கும் என்பதைத் தையல்காரி கண்ணால் ஓரளவு சொல்லலாம். துணியைக் குழல் விளக்குக்கு நேரே பிடியுங்கள். ஒளி எவ்வளவு நுழைகிறதோ, புறஊதாக் கதிரும் ஏறத்தாழ அப்படியே நுழையும். நெருக்கமான நெசவு நல்லது. கடும் நிறம் வெளிர் நிறத்தைவிட நல்லது. நனைந்த பருத்தி காய்ந்ததைவிட மோசம். இழுபட்டு உடலோடு ஒட்டுகிற துணியில் கண்கள் விரிந்து கதிர் உள்ளே போகும். இதை எண்ணில் சொல்லும் முறையை அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996இல் தர நிர்ணயமாக்கின. யூ.பி.எஃப் என்று பெயர். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு கதிர்தான் துணியைத் தாண்டும். மெல்லிய வெள்ளைப் பருத்தி ரீசேர்ட் ஒன்று பத்தைக்கூடத் தொடாது. வியர்வையில் நனைந்தால் இன்னும் கீழே. எங்கள் பெண்கள் விரும்பி எடுக்கும் பழைய டெற்றோன் கலந்த கந்தோர்ச் சேர்ட் அதைவிட எவ்வளவோ மேல். சாயத்துக்கும் இதில் பங்குண்டு. ஒல்லாந்தர் காலத்தில் மன்னார், வன்னி மணலில் தோண்டிய சாயவேரில் தோய்த்த சிவப்புத் துணி உலகச் சந்தைக்குப் போனது. அந்த மாதிரி ஆழ்ந்த இயற்கைச் சாயங்கள் நிறத்தோடு கதிர்த் தடுப்பையும் சேர்த்தே தருகின்றன.

அவுஸ்திரேலியா ஏன் இதில் முன்னுக்கு நின்றது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளைத் தோலோடு போய்க் கடும் வெயிலில் குடியேறியவர்களின் நாடு அது. தோல் புற்றுநோய் உலகிலேயே ஆக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்று. சட்டையைப் போடு, களிம்பைப் பூசு, தொப்பியை வை என்று 1981இல் தொடங்கிய பிரசாரம் அங்கே குழந்தைகளுக்கும் பாடம். வியட்நாமில் மோட்டார் சைக்கிள் பெண்கள் தலையிலிருந்து கால்வரை மூடும் சட்டையும், சீனத்தின் சிங்டாவ் கடற்கரையில் முகத்தையே மூடும் நீச்சல் முகமூடியும் அதே வெயிலுக்குப் பிறந்தவை.

இப்போது ஏ9 வீதியில் ஸ்கூட்டியில் போகும் எங்கள் பிள்ளைகளும் பூப்போட்ட கையுறையும் தொப்பி வைத்த ஜக்கெற்றும் போடுகிறார்கள். அழகாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷம். கடையில் அளவெடுக்கும்போது ஏன் முழுக்கை என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்: "கறுத்துப் போயிடுவன் அன்ரி." இந்தப் பதில் என்னைக் கவலைப்படுத்துகிறது. கறுப்புக்குப் பயந்து கையை மூடுகிறவள் அடுத்ததாக முகத்துக்கு வெண்மைக் களிம்பு வாங்குகிறாள். பாதரசமும் ஸ்டீரொயிட்டும் கலந்த களிம்புகள் தோலை மெலிய வைத்து, வெயிலுக்கு இன்னும் பலவீனமாக்குகின்றன. கறுப்புத்தான் எங்களுடைய முதல் காப்பு. தோலில் உள்ள மெலனின் புறஊதாக் கதிரில் பெரும் பங்கைத் தானே குடித்துவிடுகிறது. வெள்ளையரோடு ஒப்பிட்டால் எங்களுக்குத் தோல் புற்றுநோய் மிகக் குறைவாக வருவது அதனால்தான்.

குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. 2023இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் சேர்ந்து ஒரு கணக்கை வெளியிட்டன. மெலனோமா அல்லாத தோல் புற்றுநோயால் இறக்கும் மூவரில் ஒருவருக்கு வெயிலில் செய்த வேலையே காரணம். பிறவியிலேயே வெண்தோல் உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு, அவர்களுக்கு முழுக்கையும் தொப்பியும் மருந்தேதான். வெயில் யாருடைய கண்ணையும் விடாது. வயற்பெண்களின் வெள்ளை விழியில் சதை படர்வதில் புறஊதாக் கதிருக்குப் பங்குண்டு. தொப்பியின் விளிம்பு அதற்காகத்தான்.

ஆனால் கறுத்த தோலில் புற்றுநோய் வெயில் படாத இடத்திலும் வருகிறது. மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும். பாடகர் பொப் மார்லி 1981இல் இறந்தது கால்விரலில் தொடங்கிய அந்த நோயால்தான், அவருக்கு அப்போது வயது 36. இன்னொன்று இடுப்பு. உள்பாவாடை நாடாவை ஒரே இடத்தில் வருடக்கணக்கில் இறுக்கிக் கட்டினால் தோல் கறுத்து, உரிந்து, புண்ணாகி, அபூர்வமாகப் புற்றாகவும் மாறுகிறது. வேட்டி இறுக்கத்தால் வரும் இதே நோயைப் பம்பாய் மருத்துவர்கள் 1945இலேயே எழுதினார்கள். 2024இல் இந்தியாவில் இரண்டு பெண்களுக்கு நாடாப் புண் புற்றானதை ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. வயலில் பாவாடையைத் தூக்கிச் செருகுகிற பெண்கள் நாடாவை இன்னும் இறுக்குவார்கள். என் அம்மாவின் இடுப்பில் அந்தக் கறுப்பு வளையம் சாகும்வரை இருந்தது. அதனால் என்னிடம் வரும் எந்த உள்பாவாடைக்கும் கயிறு நாடா வைப்பதில்லை, நாலு விரல் அகலப் பட்டிதான்.

எல்லாவற்றையும்விட எங்கள் மண்ணுக்கு நெருக்கமானது தழும்பு. எரிகாயத் தழும்பிலும் நெடுநாள் ஆறாத புண்ணிலும் புற்றுநோய் பிறக்கலாம். பிரெஞ்சு மருத்துவர் மார்ஜொலின் 1828இல் இத்தகைய புண்ணை விவரித்ததால் அவர் பெயரே அதற்கு நின்றுவிட்டது. காயம் பட்டுப் பல வருடம் கழித்து, சிலவேளை 30 வருடம் கழித்தும் அது வரும். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. 2009இல் எரிந்தவர்களுக்கும் ஷெல் துண்டு கிழித்தவர்களுக்கும் அந்தக் காலம் முடியவில்லை, இப்போதுதான் நெருங்குகிறது. எங்கள் ஊர்களில் அப்படிப்பட்ட தழும்பு இல்லாத ஒழுங்கை இருக்கிறதா?

என்னிடம் ஒருத்தி சாரிச் சட்டைக்குக் கையை மணிக்கட்டு வரை நீட்டித் தரச் சொன்னாள். அளவெடுக்கும்போது முழங்கைக்கு மேலே பழைய எரிதழும்பு, அதன் நடுவில் ஒரு புண். விளிம்பு தடித்து எழும்பியிருந்தது. எவ்வளவு காலம் என்று கேட்டேன். "போன மழைக்கும் இருந்தது அக்கா, சேர்ட் உரசுறதாலயாக்கும்" என்றாள். நான் தைக்க மறுத்தேன். முதலில் பெரியாஸ்பத்திரிக்குப் போ, பிறகு துணியைக் கொண்டு வா என்றேன். கோபித்துக்கொண்டு போனவள், போய்க் காட்டினாள். சதை எடுத்துச் சோதித்து, தெல்லிப்பழைக்கு அனுப்பி, நேரத்தோடு வெட்டி எடுத்தார்கள். இன்றைக்கும் வயலுக்குப் போகிறாள்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் உடுப்புத் தொழிலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாடு முழுக்க நடந்து அதற்குப் பணம் திரட்டிய நடைபயணத்தைத் தொடங்கியவர்கள் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும், ஆடைத் தொழிலைச் சேர்ந்தவர்கள். அதற்கு முன்பு வன்னி நோயாளி மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குத்தான் பெரும்பாலும் போகவேண்டும். போருக்குப் பிறகு கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ் நிறுவனத்தின் தொழிற்சாலைகள் வந்தன, வவுனியாவில் ஒமேகா லைன் வந்தது. உலகத்துக்கு உடை தைக்கும் கைகள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. வயற்பெண்ணுக்கென்று ஒரு சேர்ட்டை ஏன் இன்னும் வெட்டவில்லை? என் கடையில் வெட்டுகிறேன்: நெருங்கிய நெசவில் கலப்புத் துணி, ஆழ்ந்த பச்சை அல்லது நீலம், நிமிர்த்திப் பூட்டும் உயர்ந்த கொலர், காற்றுக்கு முதுகில் மடிப்பும் கக்கத்தில் சதுரத் துண்டும், புறங்கையை மூடப் பெருவிரல் ஓட்டை. உடலைத் தொடாத தளர்வு. போட்டவர்கள் இரண்டாவது கேட்கிறார்கள்.

கமக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். களை வேலையை விடியக் காலையில் தொடங்கிப் பத்து மணிக்கு நிறுத்துங்கள், மிச்சத்தைப் பின்னேரம் வையுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். பெண்களிடம் கேட்பது இது. குளிக்கும்போது பழைய தழும்பையும் நாடா கட்டும் இடத்தையும் உள்ளங்காலையும் ஒருதரம் பாருங்கள், முதுகை மகளிடமோ சகோதரியிடமோ காட்டுங்கள். மூன்று கிழமையாகியும் ஆறாத புண், தடித்த விளிம்பு, இரத்தக் கசிவு, காலில் பரவும் கரும்புள்ளி எதையும் சேர்ட்டுக்குள் மறைக்காதீர்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது, காட்டுவதற்குக் காசும் வேண்டாம். ஒருநாள் கூலி போனாலும் போகட்டும், போய்க் காட்டுங்கள்.